உப்பு எங்கே போகும்?

எங்கள் ஊர் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு அது. பாசனத்துக்கென்று 1992-இல் அணை வந்தது. மழைத் தண்ணீரோடு திருப்பூர் சாயக் கழிவும் வந்து அதில் தேங்கியது. நான் பிறந்தது அதற்குப் பிறகுதான். ஆற்றில் குளித்த நினைவு அம்மாவுக்கு உண்டு, எனக்குக் கிடையாது. கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாத பருப்பும், லாரித் தண்ணீருக்கு வரிசையில் வைத்த குடங்களும், வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போன தேங்காயும்தான் எனக்கு நினைவிருக்கின்றன.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் பத்தாம் வகுப்பு. கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்து முடிக்கும்வரை திறக்கக் கூடாது என்பது உத்தரவு. எங்கள் வீட்டிலேயே இரண்டு தரப்பும் இருந்தது. அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, தோட்டம், மாமாவுக்கு பனியன் கம்பெனி வேலை. அந்த மாதங்களில் வீட்டில் யாரும் இதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. ஆறு பிழைக்க வேண்டும், மாமாவுக்கு வேலையும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து நடக்க வழி இருக்கிறதா என்ற கேள்வி எனக்குள் அப்போதே விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பி.இ. சிவில் முடித்தேன். அப்புறம் எம்.இ.யில் சுற்றுச்சூழல் பொறியியலைத் தேர்ந்தெடுத்தேன். கட்டமைப்புப் பொறியியல் எடுத்தால் வேலை சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்புச்சி மட்டும் ஒன்றும் சொல்லாமல் கேட்டார்: "என்ன படிக்கப் போற கண்ணு?"

"அழுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்றதுக்குங்க அப்புச்சி."

"செரி. சாயத் தண்ணியில உப்பு இருக்குதே. சுத்தம் பண்ணினா அந்த உப்பு எங்கெ போகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் கல்லூரிக்குப் போனேன்.

இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது மரம் நடும் படிப்பு அல்ல. குடிநீர், கழிவுநீர், காற்று மாசு, குப்பை, அபாயக் கழிவு, நிலத்தடி நீர், சட்டங்கள், சூழல் தாக்க மதிப்பீடு என்று பாடங்கள் பரந்து கிடந்தாலும், அடியில் ஓடுவது வேதியியலும் நுண்ணுயிரியலும் நீரியலும்தான். சிவில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு வேதியியல் மறந்து போயிருந்தது. முதல் வாரம் நார்மாலிட்டி, மோல், சமநிலை என்று கரும்பலகையில் எழுத ஆரம்பித்தபோது பாதி வகுப்பு திணறியது. கெமிக்கல் இன்ஜினியரிங்கிலிருந்தும் பயோடெக்கிலிருந்தும் வந்தவர்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பைக் கணக்கிடச் சொன்னால் அவர்கள் விழித்தார்கள். நாங்கள் ஆறு பேர் சேர்ந்துகொண்டோம். சனிக்கிழமை மாலைகளில் அவர்கள் எங்களுக்கு வேதியியல் சொல்லிக் கொடுப்பார்கள், நாங்கள் அவர்களுக்கு நீரியல் சொல்லிக் கொடுப்போம். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்லி, அமிலம், காரம், ஆக்சிஜனேற்றம் மூன்றையும் முதல் மாதத்திலேயே திரும்பப் படித்தோம். சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே இதைச் செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் செய்யுங்கள்.

முதல் பருவத்தில் மனதில் நின்றது ஒரே ஒரு வகுப்புதான். பேராசிரியர் பலகையில் ஒரு பெட்டி வரைந்தார். உள்ளே ஒரு அம்பு, வெளியே ஒரு அம்பு. "உள்ளே போனது வெளியே வர வேண்டும், அல்லது பெட்டிக்குள் சேர வேண்டும், அல்லது உள்ளேயே வேறொன்றாக மாற வேண்டும். நான்காவது வழி கிடையாது" என்றார். பொருண்மைச் சமநிலை என்று அதற்குப் பெயர். கழிவுநீரில் இருக்கும் சோற்றுக் கஞ்சியும் மலமும் சோப்பும் பாக்டீரியாவுக்கு உணவு. அவை அதைத் தின்று கரியமில வாயுவாகவும் தங்கள் உடம்பாகவும் மாற்றிவிடும். உப்பை அவை தொடுவதே இல்லை. தொட்டியில் எத்தனை மணி நேரம் காற்றடித்தாலும் உள்ளே வந்த உப்பு அப்படியே வெளியே போகும்.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து அப்புச்சியின் கேள்விக்குக் கணக்குப் போட்டேன். பருத்தித் துணியும் சாயமும் தண்ணீருக்குள் ஒரே மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். அதைச் சரிக்கட்டிச் சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளத்தான் உப்புப் போடுகிறார்கள். நூறு கிலோ துணிக்கு 800 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் 48 கிலோ. துணியில் தங்குவது சாயம்தான், உப்பு அல்ல. அந்த 48 கிலோவும் அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும். எங்கள் கிணற்றுக்கு வந்தது அதுதான். கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. மீதிப் பாதிக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.

ஆய்வகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் படிப்பில் ஆள் தேறுவதும் தேறாததும் அங்கேதான்.

பிஓடி என்பது தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று பார்க்கும் சோதனை. 300 மில்லி பாட்டிலில் மாதிரியை நீர்த்து ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, 20 டிகிரியில் ஐந்து நாளோ 27 டிகிரியில் மூன்று நாளோ இருட்டில் வைக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்துக்கு மூன்று நாள் முறைதான் பெரும்பாலும் நடக்கிறது. முதல் தடவை நான் வைத்த மூன்று பாட்டில்களும் வீணாயின. மூன்று நாள் காத்திருந்து திறந்து, மாங்கனஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்தால் பழுப்பு நிறத்தில் படிவு வர வேண்டும். பால் வெள்ளையாக வந்தது. பாட்டிலில் ஆக்சிஜன் ஒன்றுமே மிச்சமில்லை என்று அர்த்தம்.

ஆய்வக உதவியாளர் ஒருவர் இருந்தார். இருபது வருட அனுபவம். எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, எவ்வளவு சாக்கடைத் தண்ணி ஊத்துன?" என்றார்.

"முப்பது மில்லி அண்ணா."

"அத்தனை பேருக்குச் சோறு போட்டு வெச்சுட்டு, மூச்சு விடக் காத்து வெக்கலையே."

அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று பிறகுதான் உறைத்தது. 27 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜனே 8 மில்லிகிராம் அளவுதான். பிஓடி லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கும் கழிவுநீரை முப்பது மில்லி ஊற்றினால் அந்தப் பாட்டிலில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் தேவைப்படும். எங்கே போகும்? ஆறு மில்லி ஊற்றினால் 4 குறையும், 4 மிஞ்சும், கணக்கு சரியாக வரும். குறைந்தது 2 மில்லிகிராம் செலவாகியிருக்க வேண்டும், குறைந்தது 1 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த இரண்டு எல்லைக்குள் வந்த பாட்டிலை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.

அவரிடம் கற்ற வழி இது. காலையில் முதலில் சிஓடி சோதனையைப் போட்டுவிடுங்கள். அழுக்கை நுண்ணுயிர்களுக்குப் பதிலாக வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றி அளக்கும் சோதனை அது. 150 டிகிரியில் இரண்டு மணி நேரம், மதியத்துக்குள் விடை வந்துவிடும். வீட்டுக் கழிவுநீராக இருந்தால் அதில் பாதியைப் பிஓடி என்று தோராயமாக வைத்துக்கொண்டு, எவ்வளவு நீர்ப்பது என்று முடிவு செய்யுங்கள். ஒன்றல்ல, மூன்று வெவ்வேறு அளவில் நீர்த்து வையுங்கள். அப்புறம் கிழமையைப் பாருங்கள். வியாழக்கிழமை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை திறக்க வேண்டும், ஆய்வகம் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை வைத்தால் திங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் என் வகுப்பில் இரண்டு பேருடைய ஆய்வறிக்கை ஒரு மாதம் தள்ளிப் போனதற்கு வியாழக்கிழமைகள்தான் காரணம். மின்சாரம் போய், பாட்டில்களை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் இன்குபேட்டர் நின்றால் எத்தனை மணி நேரம் நின்றது என்று நோட்டில் எழுதி வைப்பதும் அவர் கற்றுக் கொடுத்ததே. அந்த நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கலாம், கிழித்த பக்கம் இருக்கக் கூடாது என்பார்.

சரி, சோதனை சரியாக வந்தாலும் மாதிரி தவறாக இருந்தால் எல்லாம் வீண். விடுதிக் கழிவுநீரை ஒரு சிறு ஆய்வுக்காக எடுத்தபோது, நான் காலை பதினொரு மணிக்குப் போய் ஒரு கேன் பிடித்து வந்து, விடுதியின் கழிவுநீர் இதுதான் என்று எழுதினேன். வழிகாட்டிப் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பதினொரு மணிக்கு விடுதியில் யார் இருக்கிறார்கள்?" காலை ஆறரைக்குக் குளியல், எட்டு மணிக்குச் சமையலறைப் பாத்திரம், இரவு எட்டுக்குத் துணி துவைப்பு. ஒவ்வொரு மணியிலும் வருவது வேறு வேறு தண்ணீர். இருபத்து நான்கு மணி நேரமும் மணிக்கொரு முறை எடுத்து, அந்தந்த நேரத்து ஓட்டத்தின் அளவுக்கு ஏற்பக் கலந்தால்தான் அது அந்த விடுதியின் ஒரு நாள். அதற்காக விடுதிக் காப்பாளரிடம் இரவு வெளியே நிற்க எழுத்தில் அனுமதி வாங்க மூன்று நாள் அலைந்தேன். என்னோடு இரண்டு தோழிகள் ஐஸ் பெட்டியும் டார்ச்சுமாக முழித்திருந்தார்கள். பெண்கள் இந்தத் துறைக்கு வரும்போது இப்படி அனுமதிகளுக்காகவும், கழிப்பறை இல்லாத ஆலைத் தளங்களுக்காகவும் முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கிறது. கேட்க வேண்டியதைத் தயங்காமல் கேளுங்கள். நான் கேட்டபின் எங்களுக்கு அடுத்த வருட மாணவிகளுக்கு அனுமதி அரை நாளில் கிடைத்தது.

இரண்டாம் வருட ஆய்வுக்குச் சாயக் கழிவுநீரை எடுத்துக்கொண்டேன். அங்கே ஒரு பெரிய தவறு செய்யப் பார்த்தேன். உயிரியல் சுத்திகரிப்பு முடிந்த தண்ணீரின் சிஓடி எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்துகொண்டே இருந்தது. பாக்டீரியா சரியாக வேலை செய்யவில்லை என்று நினைத்து, இரண்டு வாரம் காற்றையும் ஊட்டச்சத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு குளோரைடை அளந்தேன், லிட்டருக்கு 5000 மில்லிகிராம். சிஓடி சோதனையில் போடும் டைகுரோமேட் என்ற வேதிப்பொருள் அழுக்கை மட்டுமல்ல, குளோரைடையும் ஆக்சிஜனேற்றிவிடும். அதைத் தடுக்கத்தான் மெர்க்குரிக் சல்பேட் என்ற பாதரச உப்பைப் போடுகிறோம். வழக்கமாகப் போடும் அளவு 2000 வரைதான் தாங்கும். மிஞ்சிய 3000 மில்லிகிராம், ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 0.226 வீதம் கணக்கில் ஏறினால், இல்லாத மாசு 678 மில்லிகிராம் அறிக்கையில் வந்து உட்காரும். மாதிரியை நீர்த்துவிட்டுச் சோதித்தேன், எண் தரைக்கு இறங்கியது. பாக்டீரியா தம் வேலையை முதலிலிருந்தே சரியாகத்தான் செய்திருந்தன. அன்றிலிருந்து, எந்தக் கழிவுநீர் கையில் வந்தாலும் முதலில் பிஹெச், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), குளோரைடு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன்.

அந்த இரண்டு வாரத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிஓடி சோதனை முடிந்தபின் குழாய்களில் மிஞ்சுவது பாதரசம், வெள்ளி, குரோமியம் கலந்த அடர் அமிலம். அதை நாங்கள் எல்லோரும் கைகழுவும் தொட்டியில்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம், தண்ணீரைத் திறந்துவிட்டு. மாசைப் பற்றிப் படிக்கும் ஓர் ஆய்வகத்தின் தொட்டி அது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அந்தக் குழாய் எங்கே போகிறது என்று கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். திறந்த வாய்க்கால். வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, முகம் வாடிவிட்டது. மறுநாளே தடித்த கண்ணாடிக் குடுவைகள் இரண்டு வாங்கி, "பாதரசக் கழிவு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினோம். உரிமம் பெற்ற அபாயக் கழிவு சேகரிப்பாளரிடம் அவற்றை ஒப்படைக்கக் கடிதம் எழுதி, பதில் வந்து, ஆள் வந்து எடுத்துப் போக ஐந்து மாதம் ஆனது. நீங்கள் படிக்கப் போகும் இடத்திலும் முதல் வாரமே அந்தக் கேள்வியைக் கேளுங்கள், உங்கள் ஆய்வகத்தின் கழிவு எங்கே போகிறது என்று. மரியாதையாகக் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கோடைப் பயிற்சிக்குத் திருப்பூர்ப் பக்கம் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனேன். பல சாயப்பட்டறைகளின் கழிவைக் குழாயில் வாங்கிச் சுத்தம் செய்யும் இடம். புத்தகத்தில் கட்டம் கட்டமாகப் பார்த்ததை அங்கே மூக்கால் பார்த்தேன். காற்றூட்டும் தொட்டி ஒழுங்காக இருந்தால் மழை பெய்த மண் வாசம் வரும். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று போதவில்லை. ஆபரேட்டர் அண்ணன் ஒருவர், பத்தாவது வரை படித்தவர், காலையில் வந்ததும் தொட்டியின் நுரையைத்தான் முதலில் பார்ப்பார். வெள்ளை வெளேரென்று பொங்கினால் கசடு, அதாவது தொட்டியில் பெருகும் பாக்டீரியாக் கூட்டம், இன்னும் இளசு, பழுப்பாக எண்ணெய்ப் பசையோடு தடித்துக் கிடந்தால் முற்றிவிட்டது, இல்லையென்றால் நூல் போன்ற உயிரிகள் பெருகிவிட்டன. அவர் வாயால் சொன்னதை நான் அளந்து சரிபார்த்தேன். ஆயிரம் மில்லி உருளையில் தொட்டித் தண்ணீரை ஊற்றி முப்பது நிமிடம் வைத்தால் கசடு 300 மில்லியில் படியும், கசட்டின் அடர்த்தி லிட்டருக்கு 3000 மில்லிகிராம், ஆக ஒரு கிராம் கசடு எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்று சொல்லும் படிவுக் குறியீடு 100. நல்ல கசடு. 150-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். இரண்டு வாரம் அவர் கணிப்பையும் என் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். இரண்டே நாள்தான் மாறுபட்டது.

அந்தக் கசட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீருக்குக் காற்றடித்துப் பார்த்தார்கள். முழுதாகச் சுத்தமாக முதல் தடவை ஐந்து வாரம் பிடித்தது. அடியில் படிந்த கசட்டை வீசாமல் வைத்துக்கொண்டு அதன் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற நேரம் குறைந்துகொண்டே வந்து ஒரே நாளுக்குள் முடிந்தது. நம் வீட்டில் உறைமோரை எடுத்து வைப்பது போலத்தான். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் சுத்திகரிப்பில் பெரும்பகுதி அந்த உறைமோரில்தான் நடக்கிறது.

உயிரியல் சுத்திகரிப்புக்கு அப்புறம்தான் உப்பின் கதை. தண்ணீர் நுண்வடிகட்டி வழியாகப் போய், ஆர்ஓ சவ்வு வழியாகப் போகிறது. நல்ல தண்ணீர் சாயப்பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் அடர் உப்புநீரை ஆவியாக்கிகளில் கொதிக்க வைக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் கழிவு, லிட்டருக்கு 6000 மில்லிகிராம் உப்பு என்றால் 6 டன். தினமும் 6 டன். அதில் ஒரு பகுதி மறுபடி சாயத் தொட்டிக்கே போகும் தரத்தில் படிகமாகவும் உப்புநீராகவும் மீள்கிறது. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகளில் ஏறுகிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதை அப்புச்சியிடம் படம் போட்டுச் சொன்னேன். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் அம்புக்குறிகள். ஆவியாக்கி என்று நான் ஆரம்பித்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"கரும்புப்பால் காய்ச்சற மாதிரிதானே?"

"ஆமாங்க அப்புச்சி. வெல்லத்துக்குப் பதிலா உப்பு."

"அத்தனை தண்ணியைக் காய்ச்ச என்னத்தை எரிக்கறாங்க?"

"பெரும்பாலும் விறகுங்க."

அவர் தாளை வாங்கி, கொதிகலன் பக்கத்தில் பேனாவால் புகைபோக்கி ஒன்றைத் தானே வரைந்தார். அதிலிருந்து மேலே ஓர் அம்பு. மூட்டை என்று நான் எழுதிய இடத்திலிருந்து இன்னொரு அம்பு இழுத்து, அதன் முனையில் எதுவும் எழுதாமல் விட்டார். என் ஆய்வறிக்கையின் கடைசி அத்தியாயம் அந்த இரண்டு அம்புகளைப் பற்றியது. தண்ணீரைக் காப்பாற்ற எவ்வளவு நீராவி, எவ்வளவு விறகு, எத்தனை மூட்டை என்று ஒரு தொட்டி விடாமல் கணக்குப் போட்டேன். சாயத்துக்கு உப்பையே குறைத்துப் போட்டால் கீழே உள்ள எல்லா எண்களும் குறைகின்றன என்பதுதான் அதில் கிடைத்த உருப்படியான முடிவு. கழிவு பிறந்த பிறகு சுத்தம் செய்வதைவிட, பிறக்கும் இடத்தில் குறைப்பது மலிவு. வகுப்பில் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தார்கள். என் கையால் 48 கிலோவிலிருந்து ஆரம்பித்துக் கணக்குப் போட்டபோதுதான் நம்பினேன்.

பயிற்சியில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு நாள் மாதிரி எடுக்க ஆழமான சேகரிப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து குனிந்தேன். ஆபரேட்டர் அண்ணன் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "வாடை வரலீங்கண்ணா, ஒண்ணும் இல்லை" என்றேன். "வாடை வரலைன்னாத்தான் பயப்படோணும்" என்றார். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால்தான் அழுகிய முட்டை போல நாறும். நூறு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு, அளவுக்கு ஏறிவிட்டால் மூக்கின் உணர்வே மரத்துப் போகும். காற்றைவிடக் கனமானது, ஆழத்தில் தேங்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழுவது இப்படித்தான். சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதர்களை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் சாவுச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எங்கள் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்காமல், மேலே கயிறு பிடிக்க ஆள் இல்லாமல், இடுப்பு வார் இல்லாமல் ஒருவரையும் இறங்க விடாதீர்கள். பொறியாளராக நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பீர்கள். மனித உயிரின் பாதுகாப்பு உங்கள் வரைபடத்தில்தான் ஆரம்பிக்கிறது. உள்ளே ஆள் இறங்காமலே சுத்தம் செய்யும்படி தொட்டியை வடிவமைக்க முடியும்.

வேலை பற்றிக் கேட்பார்கள். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, இதை மறைக்க விரும்பவில்லை. என்னோடு படித்தவர்களில் சிலர் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் நிறுவனங்களில், சிலர் நீர் பரிசோதனைக் கூடங்களில், சிலர் சூழல் தாக்க மதிப்பீட்டு ஆலோசனை நிறுவனங்களில், இரண்டு பேர் முனைவர் பட்டத்தில். அரசுப் பணிக்கு முயல்பவர்கள் அறிவிப்பு வரும்வரை வேறு வேலையில் இருந்துகொண்டே படிப்பது நல்லது. 2021 முதல், முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்குத் தனித்தாளே வந்துவிட்டது. எங்கள் காலத்தில் சிவில் தாளைத்தான் எழுத வேண்டியிருந்தது. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, நீங்களே கையால் போட்ட ஒரு பொருண்மைச் சமநிலைக் கணக்கை எடுத்துப் போங்கள். எனக்கு வேலை கிடைத்தது அந்தக் காலண்டர்த் தாளின் சுத்தப் பிரதியால்தான்.

இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுத்திகரிப்பு நிலையங்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். இருநூறு வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் எண்பது சதவீதம் கழிவாக வரும் என்றால் நாளுக்கு 86,400 லிட்டர். சுத்தமான தண்ணீர் கழிப்பறைக்கும் செடிக்கும் போய்விடும். கசட்டை மாதம் இரண்டு தடவை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். நான் சேர்ந்தபோது ஒரு குடியிருப்பின் பதிவேட்டில் தேதி, லாரி எண், எத்தனை லிட்டர், கையெழுத்து என்று நான்கு பத்திகள் இருந்தன. லாரி எங்கே போகிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த தடவை லாரி வந்தபோது ஸ்கூட்டியில் பின்னால் போனேன். இருபது நிமிடத்தில் ஊருக்கு வெளியே ஒரு காய்ந்த ஏரியின் கரையில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வால்வைத் திறந்தார். அவரோடு சண்டை போடவில்லை. அவருக்குக் கொடுக்கும் கூலியில் அதற்கு மேல் தூரம் போக டீசல் காணாது என்று அவரே கணக்குச் சொன்னார், சரியான கணக்குதான். படம் எடுத்துக்கொண்டு வந்து குடியிருப்போர் சங்கத்தில் காட்டினேன். அடுத்த மாதத்திலிருந்து கூலியை ஏற்றிக் கொடுத்து, மாநகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கி ரசீது வாங்கி வருவது என்று முடிவானது. மூன்று கூட்டம் ஆனது அதற்கு.

இப்போது அந்தப் பதிவேட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தி இருக்கிறது. கோடு போட்டு நானே எழுதினேன்: "எங்கே போனது". அதற்குக் கீழே ரசீது எண்.